லட்சுமிபதியின் இருக்கை

முதலில் தப்புச் செய்தவன் லட்சுமிபதி. சென்னியப்பன் எந்தப் பேச்சை எடுத்தாலும் அந்தப் பெயரில்தான் எடுப்பார். ஓடு ஒழுகுவதைச் சொல்ல வந்தாலும் சரி, தக்காளி அழுகியதைச் சொல்ல வந்தாலும் சரி, நாலு வார்த்தை தாண்டுவதற்குள் லட்சுமிபதி நடுவில் வந்து நின்றுவிடுவான். காரமடையில் அவனைக் கண்ணால் பார்த்திராதவர்கள்கூட அவனை நன்றாக அறிந்திருந்தார்கள்.

மேட்டுப்பாளையத்தில் ஹயாத் உஸ்தாத்தின் பட்டறைக்குப் போன அன்றும் அப்படித்தான்.

"லட்சுமிபதின்னு ஒருத்தனுங்க" என்று தொடங்கினார் சென்னியப்பன்.

உஸ்தாத் ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார். நீண்ட கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"அவருக்கு என்ன வேணும்?" என்று ஜீப்புக்கு அடியிலிருந்து கேட்டார்.

"அவனுக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. எனக்குத்தான். ஒரு கார் நிக்குது. ஓட வைக்கோணும்."

"எத்தனை காலமா நிக்குது?"

"என் மகளுக்குக் காது குத்துன வருஷம் நிறுத்துனதுங்க. இப்ப அவ மகளுக்கே கல்யாணம் முடிஞ்சிருச்சு."

உஸ்தாத் வெளியே வந்து உட்கார்ந்தார். சென்னியப்பனைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். என்றாலும் மலையேறும் வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் அவர்தான் உஸ்தாத், தொழில் குரு. முடியாது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. முடியும் என்றும் சொன்னதில்லை.

"இவ்வளவு நாள் தூங்குன வண்டியை இப்ப ஏன் எழுப்பறீங்க?"

சென்னியப்பன் வேட்டியை விலக்கி இடது முட்டியைத் தட்டிக் காட்டினார்.

"டாக்டர் பாத்துட்டாருங்க. இது மடங்கறது இன்னும் கொஞ்ச காலந்தானாம். அப்புறம் கிளட்ச் மிதிக்க முடியாது. அதுக்குள்ள அந்தக் காரைக் குன்னூர்ல இருந்து ஒரே ஒரு தடவை நான் கீழ இறக்கோணும். அவன் எனக்கு ஒரு இறக்கம் பாக்கிங்க."

உஸ்தாத் கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டார்.

"நான் செஞ்சு தரமாட்டேன். நீங்க செய்யுங்க. நான் பக்கத்துல இருக்கறேன்."

"இந்த வயசுல மறுபடியும் ஸ்பேனர் புடிக்கச் சொல்றீங்களா?"

"முட்டிக்குத்தானே வயசாச்சுன்னீங்க?"

அன்று முதல் சென்னியப்பன் தம்மைவிட இளையவருக்குச் சீடரானார்.

அந்தப் பாக்கியின் கதை இதுதான். சென்னியப்பனும் லட்சுமிபதியும் ஒரே லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். ஊருக்குத் திரும்பிய தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர், ஓடாத தம் காரை அப்படியே விட்டுவிட்டுப் போனார். சிவப்புக் கார். கூரை இல்லை, இரண்டே பேர் உட்காரலாம். பந்தயத்தில் ஓடிய வண்டி என்று தோட்டத்தில் பேச்சு. வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள். தேயிலைப் பெட்டி ஏற்றுகிற லாரியில் அதைக் கயிறு கட்டி இறக்கிக்கொண்டு வந்து, சென்னியப்பன் வீட்டுக் கொட்டகையில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் இருவரும் வேலை பார்த்தார்கள். லட்சுமிபதி நெட்டை. சென்னியப்பன் குட்டை. ஒருவன் உட்கார்ந்து எழுந்ததும் மற்றவன் ஓட்டுகிற இருக்கையை முன்னேயோ பின்னேயோ தள்ளிக்கொள்வான். அதை வைத்துக் கேலி செய்துகொள்ளாத நாள் கிடையாது.

வண்டி உயிர் பெற்ற அன்று நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். ஏற்றம் லட்சுமிபதிக்கு, இறக்கம் சென்னியப்பனுக்கு.

மலையில் இறக்கம்தான் சுகம் என்பது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். ஏற்றத்தில் வண்டி நம்மோடு சண்டை போடும். இறக்கத்தில் நம்மோடு பேசும்.

குன்னூர் போய்ச் சேர்ந்தார்கள். டீக்கடை வாசலில் ஒரு எஸ்டேட் மானேஜர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு ரவுண்டு போகலாமா என்றார். லட்சுமிபதி சென்னியப்பனைத் தனியே கூப்பிட்டுத் தோளில் கை போட்டான்.

"டேய் சென்னி, இவரு மனசு வெச்சா எனக்கு வெளிநாட்டுல வேலை கெடைக்கும்டா. கீழ வரைக்கும் இவரைக் கூட்டிட்டுப் போறேன், நீ பஸ்ல வந்துரு. உன் முறை எங்க ஓடிப் போகுது?"

சென்னியப்பன் பஸ்ஸில் வந்தார். ஜன்னல் ஓரம். குன்னூர் மலைப்பாதையில் ஒரு கொடுமை உண்டு. கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும்போதெல்லாம், கீழே போகிற வண்டி மறுபடியும் மறுபடியும் கண்ணில் படும். சிவப்பாகத் தெரியும், மறையும், அடுத்த வளைவில் இன்னும் சின்னதாகத் தெரியும். கல்லாறு பாக்குத் தோப்பு வரும்வரை அவர் அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

லட்சுமிபதி வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு அந்த மாதமே கப்பல் ஏறினான். சென்னியப்பன் கொட்டகையை இழுத்துப் பூட்டினார். 'வரட்டும். வந்து, சென்னி இது உன் முறைன்னு சொல்லட்டும். அது வரைக்கும் இந்தச் சக்கரம் சுத்தாது' என்று முடிவு செய்தார். பட்டறை வேலையையும் அதோடு விட்டுவிட்டுத் தோட்டம் பார்க்கப் போனார்.

இப்போது கொட்டகைக் கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து பெருச்சாளி ஒன்று சாவகாசமாக வெளியே போனது.

"வாடகைக்கு விட்டிருந்தீங்களா?" என்றார் உஸ்தாத்.

டயர்கள் தரையோடு சப்பையாக ஒட்டியிருந்தன. டாங்கியில் இருந்த பெட்ரோல் பிசினாகி, வார்னிஷ் நாற்றம் அடித்தது. பக்கத்து இருக்கையின் தேங்காய் நாரைப் பெருச்சாளி கொத்தாகப் பிடுங்கியிருந்தது. ஓட்டுகிற இருக்கை மட்டும் தோல் வெடித்திருந்ததே தவிர முழுசாக இருந்தது.

உஸ்தாத் பானெட்டைத் திறக்கவில்லை. அந்த இருக்கையைத்தான் பார்த்தார். அது கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தது.

"இது யார் அளவு?"

"அவன் அளவு. கடைசியா உக்காந்து எந்திரிச்சவன் அவன்தானே. அதை மட்டும் தொடாதீங்க. அவன் செஞ்சதுக்கு அது ஒண்ணுதானுங்க சாட்சி."

உஸ்தாத் பானெட்டைத் திறக்கப் போனார்.

வேலை தொடங்கியது. என்ஜின் இறுகிப்போயிருந்தது. பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகளில் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊற வைத்தார்கள். பொறுமை தாங்காமல் சென்னியப்பன் முன்பக்கத்தில் என்ஜினைச் சுற்றும் ஹேண்டிலை மாட்டி ஒரே இழுப்பாக இழுக்கப் போனார்.

"இழுக்காதீங்க. கேளுங்க" என்றார் உஸ்தாத்.

"இரும்புகிட்ட என்னன்னு கேக்கறது?"

"வர்றியான்னு."

சென்னியப்பன் முணுமுணுத்துக்கொண்டே கேட்டார். தினமும் காலையில் ஹேண்டிலில் கையை வைத்து, வலிக்காமல் அழுத்தி, விட்டுவிடுவார். ஒரு நாள் அது விரல் அளவு நகர்ந்தது. அன்றைக்கு அவர் சாப்பாட்டை மறந்தார். லட்சுமிபதியையும் மத்தியானம் வரை மறந்திருந்தார்.

டாங்கிக்குள் சங்கிலித் துண்டைப் போட்டுக் குலுக்கிக் குலுக்கிப் பிசினை எடுத்தார்கள். கார்பரேட்டர் இரண்டையும் பிரித்துக் கழுவினார்கள். பிரேக்குக்குப் புது ரப்பர், சக்கரத்துக்குப் புது டயர். கூண்டுக் கம்பி போல இருந்த சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, ஒரே ஓசை வரும்வரை முடுக்கினார் சென்னியப்பன். மறந்துபோனது என்று நினைத்ததெல்லாம் விரலுக்குள்தான் இருந்தது.

மாலையில் டீ வரும். உஸ்தாத் பெருச்சாளி பிய்த்த பக்கத்து இருக்கையில் சாக்கைப் போட்டு உட்கார்ந்து குடிப்பார். குடித்து முடித்ததும் எண்ணெய்க் குப்பியை எடுத்து, குனிந்து, கீழே எங்கேயோ இரண்டு சொட்டு விட்டுவிட்டு எழுந்து போவார்.

ஒரு நாள் சென்னியப்பன் கேட்டார்: "ஏனுங்க உஸ்தாத், நல்ல சீட்டு அங்க சும்மா இருக்குது. ஓட்டையில போயி உக்காருறீங்க?"

"அதுல ஆள் இருக்காரே."

சென்னியப்பன் அந்த இருக்கையைப் பார்த்தார். பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் குடித்தார்.

இன்னொரு நாள் உஸ்தாத் கேட்டார். "பாக்கி இருக்கறது அவருக்குத் தெரியுமா, அண்ணா?"

"தெரியாம இருக்குமா?"

"நேர்ல பாத்தீங்களா?"

சென்னியப்பன் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"ஒரு தடவை. எங்க முதலாளி பேரன் கல்யாணத்துல. மஸ்கட்ல இருந்து வந்திருந்தான். தொப்பையும் தங்கக் கடிகாரமுமா. பந்தியில எனக்கு எதுக்க உக்காந்து பாயசம் குடிச்சிட்டே கேட்டானுங்க, 'ஏண்டா சென்னி, அந்தத் தகர டப்பா இன்னும் கெடக்குதா, எடைக்குப் போட்டுட்டியா?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இருக்குதுன்னேன்."

"அவர்?"

"பாயசம் இன்னொரு கரண்டி கேட்டானுங்க."

உஸ்தாத் சிரிக்கவில்லை. டீயைக் குடித்து முடித்து, குனிந்து இரண்டு சொட்டு விட்டுவிட்டுப் போனார்.

வண்டி கிளம்பிய நாளில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கூரைமேல் ஏறிக்கொண்டன. புகை முதலில் கறுப்பாக வந்தது, பிறகு நீலமாக, பிறகு ஒன்றுமில்லாமல் ஆனது. என்ஜின் சீராக உறுமியது. சென்னியப்பன் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். கண்ணில் நீர் வந்ததற்குப் புகையைத் திட்டினார்.

"உக்காருங்க. ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்" என்றார் உஸ்தாத்.

"இங்க வேண்டாமுங்க. ஏத்தம் அவன் முறை. அதை நீங்களே ஓட்டிருங்க. மேல போயித்தான் நான் உக்காருவேன். என் பாக்கி அங்கதான் இருக்குது."

உஸ்தாத் இருக்கையைப் பார்த்து, "இன்னிக்கு ஒரு நாள் இடம் குடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் கால்களுக்கு அது தைத்து வைத்தது போலப் பொருந்தியது.

கல்லாறு தாண்டி, பர்லியாறு தாண்டி, வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. சென்னியப்பன் பக்கத்து இருக்கையில் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். அவர் பாதையைப் பார்க்காமல் ஒவ்வொரு வளைவிலும் எட்டிக் கீழே பார்த்தார். அங்கே இப்போது சிவப்பாக எதுவும் இல்லை. இத்தனை வருஷமாக மனசுக்குள் இந்தப் பாதையில் எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறார். எந்த வளைவில் இரண்டாவது கியர், எந்த மரத்தடியில் ஹாரன், எந்த இடத்தில் காலை எடுத்துவிட்டு வண்டியைச் சும்மா பேச விடுவது, எல்லாம் அவருக்குப் பாடம்.

குன்னூரில் அதே இடத்தில் வண்டி நின்றது. அந்த டீக்கடை இல்லை, செல்போன் கடை இருந்தது. பஸ் நிலையம் மட்டும் அதே பஸ் நிலையம். மேட்டுப்பாளையம் பஸ் ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது.

உஸ்தாத் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாங்க, அண்ணா. உங்க முறை."

சென்னியப்பன் அந்த வார்த்தையைக் கேட்டபடி இறங்கிச் சுற்றி வந்தார். இவ்வளவு காலம் காத்திருந்த வார்த்தைதான். சொன்ன வாய்தான் வேறு. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தார். இடது காலை நீட்டினார்.

கிளட்ச் இன்னும் ஒரு சாண் தள்ளி இருந்தது.

நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து நீட்டினார். பெருவிரல் பட்டது, அமுங்கவில்லை. பிரேக்குக்கு நீட்டிப் பார்த்தார். அதுவும் எட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் லட்சுமிபதிக்கான இடம் காலியாகக் கிடந்தது.

பஸ் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பியது. ஜன்னல் ஓரத்தில் இருந்தவர்கள் சிவப்புக் காரையும் அதில் நுனியில் தொற்றிக்கொண்டிருந்த கிழவரையும் பார்த்துக்கொண்டே போனார்கள்.

"நீங்களே இறக்கிருங்க உஸ்தாத்" என்றார் சென்னியப்பன், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு.

"நீங்க மறுபடியும் பக்கத்து சீட்டுலயா?"

சென்னியப்பன் கீழே செருப்பைத் தேடினார்.

"அவர் வண்டி ஜோரா ஓடுது, அண்ணா. அவர் கால் அளவுக்கு, அவர் விட்டுட்டுப் போன மாதிரியே செஞ்சு முடிச்சிட்டீங்க. உங்க வண்டியில எப்பக் கை வைக்கறது?"

சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். உஸ்தாத் கதவருகே குனிந்து, இருக்கைக்கு அடியில் விரலைக் காட்டினார். இருக்கை முன்னும் பின்னும் நகரும் தண்டவாளம், துருப்பிடித்திருக்க வேண்டியது, எண்ணெயில் மினுங்கியது. சின்ன லீவர் ஒன்று விரல் படக் காத்திருந்தது.

சென்னியப்பனின் கை பாதி தூரம் போய் நின்றது.

"இத நான் நகத்திட்டா, அவன் செஞ்சதுக்குச் சாட்சி இல்லாமப் போயிருமுங்க. அவன் வரவும் இல்ல, ஒரு வார்த்தை சொல்லவும் இல்ல. நானா முன்னால தள்ளிக்கிட்டா, பாக்கி தீந்த மாதிரி ஆயிராதா?"

உஸ்தாத் மறுபக்கம் சுற்றி வந்து, சாக்கைத் தட்டிப் போட்டு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். கீழே மலைப்பாதை வளைந்து வளைந்து வெயிலில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பாக்கி அப்படியே இருக்கும், அண்ணா. கால் மட்டும் எட்டும்."