ரெண்டு கால்குலேட்டர்

"டீச்சர், நான் போன்ல ஒளிச்சு வச்ச படம் யாருக்காவது தெரிஞ்சிடுமா?"

ஆவுடையப்பன் இதக் கேட்டது செல்போன் ரிப்பேர் கடையில. அவருக்கு வயசு அம்பத்தஞ்சு, தனியார் பஸ்ல கண்டக்டர். டீச்சர் பியூலாவுக்கு இருபத்தாறு. போன்ல ஹலோ சொல்றதத் தவிர மத்த எல்லாத்தையும் அவருக்கு அந்தப் பொண்ணுதான் சொல்லிக் குடுத்துச்சு.

பியூலா ஒரு போனைத் திறந்து போட்டு உள்ள இருந்த தூசிய ஊதிக்கிட்டு இருந்துச்சு.

"யாருக்குத் தெரியக்கூடாது, அண்ணாச்சி?"

"வீட்டுக்காரிக்கு."

"என்ன படம்?"

கடையில வேற ஆள் இல்ல. இருந்தும் குரலத் தாழ்த்தினாரு.

"கிட்னி டெஸ்ட் ரிப்போர்ட். அடுத்த மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். தெரிஞ்சா கோமு படுத்துடுவா. எல்லா வேலையும் அப்படியே நின்னுடும். தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

"பேப்பரு?"

"வந்த மறுநாளே போட்டோ எடுத்துட்டு, கிழிச்சு ஓடுற பஸ்லேருந்து வீசிட்டேன். ஆஸ்பத்திரியில கேப்பாங்களேன்னு படத்த மட்டும் நீங்க போட்டுக் குடுத்த கால்குலேட்டருக்குள்ள வச்சிருக்கேன்."

அது பாக்கத்தான் கால்குலேட்டர். நாலு நம்பரத் தட்டுனா கணக்கு வராது. ஒளிச்சு வச்ச படம் வரும்.

"அஞ்சு மாசமாச்சு டீச்சர். கோமு சந்தேகமே படல. அவளுக்கு எங்க நேரம்? கல்யாண நெனப்புல கைப்பக்குவமே போச்சு. சாம்பார்ல உப்பு இல்ல, ரசத்துல உப்பு இல்ல, ஊறுகாய் ஜாடியவே காணோம். பாவம்னு நானும் ஒண்ணும் கேக்குறதில்ல."

பியூலா ஊதுறத நிறுத்திச்சு.

"அப்புறம் இப்ப என்ன பயம்?"

"கல்யாண வீடியோவுக்குப் பழைய படமெல்லாம் வேணும்னு பொண்ணு நாளைக்கு என் போன வாங்கப் போறா. எதுக்குப்பா ரெண்டு கால்குலேட்டர்னு கேட்டுட்டா?"

"உங்க போன்ல ரெண்டு. சரி. அக்கா போன்ல எத்தன?"

"கோமு போன்லயா? கேஸ் சிலிண்டர் தீர்ற தேதியவே விரல் விட்டு எண்ணுறவ. அவளுக்குக் கால்குலேட்டர் எதுக்கு?"

"எண்ணிப் பாருங்க."

பியூலா போன மூடி ஸ்குரூ முடுக்க ஆரம்பிச்சிடுச்சு.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தாரு. கோமதி போன் ஃப்ரிட்ஜ் மேல சார்ஜ்ல கெடந்துச்சு. அடுப்படியில தாளிக்கிற சத்தம். மெல்ல எடுத்துத் தள்ளிப் பாத்தாரு.

ஒண்ணு.

பக்கத்துலயே இன்னொண்ணு.

முப்பது வருஷம் ஓடுற பஸ்ல கம்பியப் பிடிக்காம நின்னவரு. இப்ப வீட்டுக்குள்ள சுவத்தப் பிடிச்சாரு. மனசுல என்னென்னமோ ஓடிச்சு. ஒண்ணும் நல்லதா இல்ல.

"கோமு! ஒனக்கு எதுக்கு ரெண்டு கால்குலேட்டர்?"

அடுப்ப அணைச்சுட்டு, கையத் தொடைச்சுக்கிட்டே வந்தா.

"உங்க டீச்சர்தான் போட்டுக் குடுத்துச்சு."

"பியூலாவா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"உங்களதையும்தான் எங்கிட்ட சொல்லல."

போன வாங்கினா. நாலு நம்பரத் தட்டினா. அவர்கிட்டயே நீட்டினா.

அவரோட ரிப்போர்ட்டு.

சட்டைப் பையில மடிச்ச மடிப்பு அப்படியே இருந்துச்சு. துவைக்கிற கல்லு மேல விரிச்சு வச்சு எடுத்த படம். ஓரத்துல, இன்னும் நனைக்காத அவரோட காக்கிச் சட்டை.

படம் எடுத்த தேதியப் பாத்தாரு. அவரு படம் எடுத்ததுக்கு முந்தின நாள்.

ஆவுடையப்பன் போன அவகிட்டயே குடுத்துட்டுச் சாப்பிட உக்காந்தாரு.

கோமதி தட்டப் போட்டா. சோறு வச்சா. சாம்பார ஊத்தினா. பக்கத்துலயே உக்காந்தா.

அஞ்சு மாசத்துல மொத தடவையா கேட்டா:

"உப்பு சரியா இருக்கா?"