தெரு இறங்கிய வழக்கு

கொற்றநல்லூர்க் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு தெருக்களுக்கு ஒரு விதி உண்டு. கோபுரம் மறையாமலிருக்க, எந்த வீடும் வாசல் தெருவிலிருந்து ஒன்பது மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. இந்த ஒரு வரி மங்களவல்லியை நான்கு வருடம் படுத்திய பாட்டைச் சொல்கிறேன். நியாயத்தை நீங்கள் சொல்லுங்கள்.

தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மங்களவல்லி, மகள் குடும்பத்துக்காக வடக்குத் தெரு வீட்டின்மேல் இரண்டாம் மாடி எடுத்தார். ஒரு செங்கல் கூடிவிடக் கூடாதென்று கொத்தனாரைப் பிடுங்கி எடுத்தார். நகராட்சியின் கட்டட ஆய்வாளர் டேப் பிடித்து அளந்து, ஒன்பது மீட்டர் சரி என்று கையெழுத்துப் போட்டுச் சான்றும் கொடுத்தார். மகள் பிள்ளைகளோடு குடிவந்தாள்.

எதிர்வீட்டுச் சவரிமுத்துவுக்கு வேறு தொல்லை. பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டதால், மழை பெய்தால் தண்ணீர் நேராக அவர் கூடத்துக்கு வந்தது. படுக்கையில் கிடந்த மனைவியின் கட்டிலுக்கு அடியில் செங்கல் அடுக்கியே மூன்று மழைக்காலம் போயிற்று. அவர் மனுமேல் மனு போட, நகராட்சி பழைய தாரையெல்லாம் சுரண்டி, தெருவை நாற்பது சென்டிமீட்டர் தாழ்த்தியது.

மறுமாதம் புதிதாக வந்த ஆய்வாளர் தெருவீடுகளை அளந்தார். மங்களவல்லியின் வீடு ஒன்பது மீட்டர் நாற்பது. அதிகப்படியை இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தது. மேல்தளத்தை உடைக்காமல் அதைக் குறைக்க வழியில்லை.

அவர் வழக்குப் போட்டார். ஒருநாள் வக்கீல் வரவில்லை, ஒருநாள் கோப்பு வரவில்லை, இரண்டும் வந்த நாளில் நீதிபதிக்கு மாற்றலாகிவிட்டது. வெறுத்துப்போன மங்களவல்லி, அப்படியானால் தெருவைப் பழையபடி உயர்த்துங்கள் என்று இன்னொரு மனுவும் போட்டார். அதைக் கேட்டுப் பதறிய சவரிமுத்து தானும் வழக்கில் சேர்ந்தார்.

கடைசியில் புது நீதிபதி மூவரையும் பேசச் சொன்னார்.

"நான் ஒரு அங்குலம் உயர்த்தலைங்க ஐயா. தெருதான் இறங்கிப் போச்சு," என்றார் மங்களவல்லி.

"அந்தம்மா மாடி இருந்துட்டுப் போகட்டும். எங்க வீட்டுக்குள்ள மறுபடி தண்ணி வரக் கூடாது," என்றார் சவரிமுத்து.

"விதியில தெருவிலிருந்துன்னுதான் இருக்கு. எந்த வருஷத்துத் தெருன்னு இல்லை," என்றார் ஆய்வாளர்.

இந்த மூவரில் யார் பக்கம் நியாயம்?

சவரிமுத்து கேட்டது முழு நியாயம். மங்களவல்லி மாடிக்காகக் கேட்டது நியாயம், தெருவை உயர்த்தச் சொன்னது நியாயமில்லை. ஆய்வாளர் அளந்தது சரி, இடிக்கச் சொன்னது தவறு. கட்டி முடித்துக் கையெழுத்தான அன்று இருந்த தெருதான் அந்த வீட்டுக்கு அளவு. பிறகு தெரு ஏறினாலும் இறங்கினாலும் வீடு என்ன செய்யும்? இனிமேல் கட்டுகிறவர்கள் தாழ்ந்த தெருவிலிருந்து அளந்துகொள்ளட்டும். நீதிபதியும் அப்படித்தான் தீர்த்தார். தீர்ப்பு வந்த வாரமே குடிநீர்க் குழாய் பதிக்க வடக்குத் தெருவைத் தோண்டிப் போட்டார்கள். டேப்போடு ஒருவர் வாசலில் வந்து நின்றார். மங்களவல்லி தீர்ப்பின் நகலை ஜன்னல் வழியாக நீட்டினார். கதவைத் திறக்கவே இல்லை.