பானையில விழாத ஓலை

ஒரே ஒரு மலையடிவாரத்துல ஆறே ஆறு வீடு இருந்துச்சாம். ஒருநாள் அந்த மலைப்புலி இறங்கி வந்து, "எனக்கு வயசாயிப்போச்சு, மானை விரட்ட முடியல. வாரத்துக்கு ஒண்ணா அஞ்சு மாடு குடுங்க, மழை வந்ததும் மலைக்கு அந்தப்பக்கம் போயிருவேன். இல்லேன்னா உங்க ஆளையே தூக்குவேன்"னுச்சாம்.

ஆறு வீடு, அஞ்சு மாடு. கணக்குப் போடுங்க பார்ப்போம். ம், ஒரு வீடுதான் தப்பும். அது எதுன்னு சாமியே சொல்லட்டும்னு நாட்டாமை உடையப்பன் தன் வீட்டையும் சேர்த்து ஆறு வீட்டுப் பேரையும் ஓலையில எழுதி, பானைக்குள்ள போட்டேன்னு சொல்லி, வாயைத் துணியால வேடு கட்டிட்டாரு. வாரா வாரம் பூசாரி கைய விட்டு ஒரு ஓலை எடுப்பாரு. பேரு வந்த வீட்டு மாடு போகணும். எடுத்த ஓலையத் திரும்பப் போடமாட்டாங்க, நெருப்புல போட்டுருவாங்க.

கடைசி வீட்டுக்காரி வெள்ளத்தாயி. புருஷன் இல்ல, மூணு பிள்ளைங்க, ஒரே ஒரு பசு. அந்தப் பாலை வித்துத்தான் அவ வீட்டுல உலை வைக்கணும்.

மொத வாரம், 'ஆறுல ஒண்ணு, நமக்கா வரப்போகுது'ன்னு மனசைத் தேத்திக்கிட்டா. வரல. அடுத்த வாரம் அஞ்சுல ஒண்ணு, சோறு இறங்கல. வரல. அதுக்கடுத்த வாரம் நாலுல ஒண்ணு, உட்கார்ந்தா எந்திரிக்கிறா, எந்திரிச்சாத் தொழுவத்துக்கு ஓடுறா, பசுவைத் தொட்டுப் பார்த்துட்டு மறுபடி வாசலுக்கு வர்றா. அப்பவும் வரல. நிம்மதியாச்சான்னு கேக்குறியா? போடா, எங்கிட்டு! தப்பத் தப்பத்தான் பயம் கூடுது. மிச்ச ஓலை குறையுதுல்ல?

மூணுல ஒண்ணு ஆன அன்னிக்கு அவளுக்கு நின்ன இடத்துல நிக்க முடியல. அவளைப்போல மிஞ்சி நின்ன பக்கத்து வீட்டுக்காரனும் வேர்த்து வழியுறான். மூணாவது ஆளு நாட்டாமை. அவரு வெத்தலையை மடிச்சு வாயில போட்டுக்கிட்டு கொட்டாவி விடுறாரு! 'இந்த மனுசனுக்கு மட்டும் ஏன் பயம் ஏறல?'ன்னு அவளுக்குச் சுருக்குன்னுச்சு. அன்னிக்குப் பக்கத்து வீட்டு மாடு போச்சு.

கடைசி வாரம். அவளும் நாட்டாமையும்தான் பாக்கி. பூசாரி பானைக்குள்ள கைய விடப்போனாரு.

"சாமி, செத்த நில்லுங்க"ன்னா வெள்ளத்தாயி. "இன்னிக்கு மாத்தி வைப்போம். எடுக்குற ஓலை தப்பட்டும், பானையில மிஞ்சுற ஓலை மாடு குடுக்கட்டும்."

"வழக்கத்தை மாத்தப்படாது புள்ள"ன்னாரு நாட்டாமை.

"ரெண்டு ஓலைதான் மாமா இருக்கு. எப்படி வச்சாலும் உங்களுக்குப் பாதி, எனக்குப் பாதி. இதுல உங்களுக்கு என்ன நட்டம்?"

மாடு பறிகுடுத்த நாலு வீட்டுக்காரங்களும், "சரியாத்தானே கேக்குறா"ன்னாங்க. நாட்டாமைக்கு வெத்தலை தொண்டையில சிக்கிருச்சு. பூசாரி ஓலையை எடுத்து, "வெள்ளத்தாயி"ன்னு படிச்சாரு.

"செல்லாது, செல்லாது"ன்னு நாட்டாமை எந்திரிச்சாரு. அவ நேராப் போயி பானையைக் கவுத்துனா. ஒண்ணுமே விழல.

"உங்க ஓலை எங்க மாமா?"

பானையில மொதல்லருந்தே அஞ்சு ஓலைதான்னு எல்லாருக்கும் விளங்கிப்போச்சு. அப்புறம் என்ன, தன் உழவு மாட்டை அவரே, தன் கையாலயே, புலிகிட்ட ஓட்டிக்கிட்டுப் போனாரு. அவரு தொழுவத்துல நின்ன மத்த நாலு மாட்டையும் நாலு வீட்டுக்காரங்க ஆளுக்கு ஒண்ணா அவுத்துக்கிட்டாங்க.

ஊரே நடுங்கையில ஒருத்தன் மட்டும் கொட்டாவி விட்டா, அவன் ஓலை எங்கன்னு தேடணும் கண்ணுகளா. புலி மலைக்கு அந்தப்பக்கம், பசு தொழுவத்துல, நீங்க பாயில. படுங்க.