பூவிழி அனுப்பின புசுபுசு

ஒரு ஊர்ல ஒரு சின்னப் பொண்ணு இருந்தாளாம், பேரு பூவிழி. அவ அம்மா குவைத்துல, இன்னொருத்தங்க வீட்டுல, இன்னொருத்தங்க பிள்ளையத் தூங்க வைக்கிற வேலைக்குப் போயிருந்தா. கேக்குறியா?

ம்.

வெள்ளிக்கிழமையானா அம்மா போன் பண்ணுவா. அப்படி ஒரு நாள் பூவிழி கேட்டா, "அந்தப் பாப்பா எதைக் கட்டிக்கிட்டுத் தூங்கும்மா? உன்னையா?"

"இல்லடி, அதுக்கு ஒரு முயல் பொம்மை இருக்கு. தொட்டா அவ்ளோ ஃப்ளஃபியா இருக்கும்!"

"ஃப்ளஃபின்னா?"

அம்மா பதில் சொல்றதுக்குள்ள அங்க பாப்பா வீல்னு கத்துச்சு. டொக். போன் வச்சாச்சு.

பூவிழிக்குத் தாங்கல. அம்மா கை தினம் தொடுறது எப்படி இருக்கும்னு தனக்குத் தெரியலியே! அதே மாதிரி ஒண்ணு நாமளே அனுப்பணும், அம்மா கட்டிக்கிட்டுப் படுக்கணும்னு நெனச்சா. அப்புறம் டியூசன் ரெஜினா அக்காகிட்ட ஓடினா.

"ஃப்ளஃபின்னா மெத்துன்னு இருக்கும்டி."

உடனே வெண்ணெய எடுத்துட்டு வந்தா. அக்கா சிரிச்சா. "அமுக்கினா கொழகொழன்னு கையில அப்புது பாரு. இது இல்ல."

அப்புறம் அம்மாவோட பட்டுச்சேலை.

"வழவழன்னு நழுவுது. இதையும் சொல்ல மாட்டாங்க. உள்ள காத்து இருக்கணும்டி. அமுக்கினா அமுங்கணும், விட்டா புசுபுசுன்னு எந்திரிக்கணும். நல்ல இட்லிய ஃப்ளஃபின்னு சொல்லலாம். கோழிக்குஞ்சையும் சொல்லலாம்."

"குஞ்ச பிளேன்ல ஏத்துவாங்களாக்கா?"

"ஏத்துவாங்க, பாஸ்போர்ட் எடுத்துக் குடு!"

அப்போ பூவிழி இலவமரத்தடிக்கு ஓடினா. பட்... பட்டுன்னு காய் வெடிச்சுக் கெடக்கு. பஞ்சைப் பொறுக்கி, வெதைய எடுத்துட்டு, அம்மாவோட பழைய நைட்டித் துணியில அடைச்சுத் தைச்சா. ஊசி குத்தி, ஸ்ஸ்! ஒரு குட்டித் தலகாணி. அக்கா அமுக்கிட்டு விட்டா. புஸ்ஸ்... எந்திரிச்சுது.

"இதாண்டி ஃப்ளஃபி!"

அந்த ஊர்ல யாரு குவைத்துக்குக் கெளம்பினாலும் தெருவே பார்சல் குடுத்து விடும். அந்தத் தடவை கெளம்பினது ஜபருல்லா மாமா.

"கனமே இல்ல தாயி. ஆனா பெட்டிய அடைக்குதே!"ன்னு சொல்லி, தலகாணி மேல முழங்காலப் போட்டு, ம்ம்க்... அப்பளமா அமுக்கி, கயித்தால இறுக்கிட்டார்.

"மாமா, வேணாம்! அதுக்கு மூச்சு முட்டும்!"

"அப்ப முறுக்க எறக்கவா? உங்க தெரு என்னை உரிச்சிரும்." ஜிப்ப இழுத்தார். சர்ர்ர்.

பூவிழி அன்னிக்குச் சோறே திங்கல. அம்மா கைக்குப் போறது வெறும் அப்பளந்தானே? தூங்கிட்டியா?

ம்ஹூம்.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வந்துச்சு. பூவிழி பாஞ்சு எடுத்தா.

"அம்மா... செத்துப்போச்சா அது?"

"கயித்த அவுத்தேன்டி. மொதல்ல அசையவே இல்ல. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா, புஸ்... புஸ்னு, மடியிலயே எந்திரிச்சு உக்காந்துச்சு. நீ காலையில எந்திரிப்பியே, அந்த மாதிரி."

"ஃப்ளஃபியா இருக்கா?"

"ம்."

"அந்த முயலவிட ஃப்ளஃபியா?"

அம்மாவுக்கு அதுக்கும் "ம்"தான் வந்துச்சு.

அம்மா எப்ப ஊருக்கு வந்தான்னா கேக்குற? கதையில இன்னும் வரல தங்கம். அங்க அவ தலகாணியக் கட்டிக்கிட்டுப் படுத்துட்டா. இங்க பூவிழியும் படுத்துட்டா. கதையும் கண்ணசந்துருச்சு. நீயும் தூங்கு.