சாரைப்பாம்பின் இடுப்பு

மூங்கில் செழித்த ஒரு காட்டில் குளம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கரையில் வாழ்ந்தவர்களுக்கு நரி தலைவர். பாறை மேட்டில் வாழ்ந்தவர்களுக்குக் கீரி தலைவர். கோடை வந்தால் குளத்துக்காக இரு தரப்பும் கடித்துக் குதறிக்கொள்ளும். ஜப்பானிலிருந்து பறந்து வந்த ஒரு கொக்கு இதைப் பார்த்து முகம் சுளித்தது. பல்லை விட்டுவிட்டு, தன் நாட்டு வழக்கப்படி மூங்கில் வாளால் மோதித் தீர்த்துக்கொள்ளச் சொன்னது.

அணிக்கு மூவர். பஞ்சுக் கவசம் கட்டி, எதிரியை வணங்கிவிட்டு மோத வேண்டும். தலை, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய மூன்று இடங்களில்தான் அடிக்கலாம். அடித்த இடத்தின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். தோற்ற தரப்புக்குப் பாறை மேடு. சமமாக முடிந்தால் கரை பழையபடி நரியின் தரப்புக்கே.

நரி முதல் சண்டையை எலியோடு வைத்துக்கொண்டு ஜெயித்தது. தலைவர்கள் அப்படித்தான், குழந்தைகளே. இரண்டாவதில் நரியின் அணியைச் சேர்ந்த முயல் காட்டுப்பன்றியிடம் தோற்றது. மூன்றாவது சண்டைக்குக் கீரி வந்து நின்றது. நரி சாரைப்பாம்பை இறக்கியது.

“உனக்கு மணிக்கட்டு கிடையாது. இடுப்பு எங்கே என்று எவனுக்கும் தெரியாது. வாளைக் குறுக்கே கவ்விக்கொண்டால் தலையும் தப்பும்” என்றது நரி.

“வாயில் வாள் இருந்தால் அடித்த இடத்தை எப்படிச் சொல்வது?”

“நீ ஜெயிக்க வேண்டாம். வாயைத் திறக்காமல் இரு, போதும். தோற்றால் உன் புற்று போய்விடும். முட்டைகளை எங்கே வைப்பாய்?”

கவசத்தை மாட்டினால் சாரை மறுமுனையில் வழுக்கி வெளியே வந்தது. கடைசியில் கயிற்றால் சுற்றிக் கட்டினார்கள். கீரி குனிந்து வணங்கியது. சாரை ஏற்கெனவே தரையில் கிடந்ததால் அதையே வணக்கமாக ஏற்றுக்கொண்டார்கள்.

கீரி பாய்ந்து ஓர் அடி போட்டு, “இடுப்பு” என்று கத்தியது.

நடுவர்களாக இருந்த கொக்கும் இரண்டு எருமைகளும் கூடிப் பேசின. கழுத்துக்குக் கீழே எல்லாமே இடுப்பு என்றது ஓர் எருமை. எல்லாமே வால் என்றது மற்றது. கொக்கு சாரையை இரண்டாக மடித்து நடுப்பகுதியைத் தேடியது. ஒன்றும் முடிவாகவில்லை.

கீரி பக்கத்தில் வந்தது. “சாரையாரே, நீங்களே சொல்லுங்கள். படவில்லை என்றால் படவில்லை.”

சாரை தன் புற்றைப் பார்த்தது. ஓரத்தில் நின்ற நரி தன் வாயைப் பொத்திச் சாடை காட்டியது. சாரை வாளைக் கீழே போட்டது.

“பட்டது, கீரியாரே. சரியாக இடுப்பில்.”

“துரோகி” என்றது நரி.

“துரோகிதான் தலைவரே. கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், இடுப்பு பிடித்துக்கொண்டது.”

அன்று மாலை முட்டைகளை மேட்டுக்குக் கொண்டுபோக வழி தெரியாமல் சாரை தவித்தது. நரியின் தரப்பில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கீரி வந்து, முட்டைகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விப் பாறை நிழலில் கொண்டுபோய் வைத்தது. வழியெல்லாம் அதற்கு எச்சில் ஊறியது. ஒன்றைக்கூடத் தின்னவில்லை.

நீதி: பட்ட அடியை ஒப்புக்கொள்பவனுக்கு எதிரியும் தோழனாவான், மறைக்கச் சொல்பவன் தலைவனானாலும் எதிரியே.