நூற்றுக்கு நூறு

மில் முதலாளி கேட்டது ஒரே ஒரு கணக்கு: தன் தொழிலாளர்களில் எத்தனை பேர் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறார்கள்? கணக்கெடுக்க அமர்த்தப்பட்ட தணிகாசலம் எண்ணிப் பார்த்தார். நூற்றுக்கு நூறு. வராமல் என்ன செய்யும்? நிரந்தர ஆட்களை மட்டும் எண்ணச் சொன்னால் அப்படித்தான் வரும். காண்ட்ராக்டில் வரும் பெண்கள் மில்லின் ஆட்களே இல்லையாம். அவர்கள் சுற்றும் நூல் மட்டும் மில்லின் நூலாம்!

அறிக்கையில் கையெழுத்துப் போடும் முன் அவர் மடத்துக்கு வந்தார். மடத்தை நடத்தும் சிவகாமவல்லி அம்மாள் வயதில் அவரைவிட இளையவர். ஆனாலும் பல வருஷமாக அந்த அம்மாள்தான் அவருக்குக் குரு.

"ஏன் முகம் வாடியிருக்கு?"

"காண்ட்ராக்ட்ல வர்ற பவுனம்மான்னு ஒருத்தி மில் கேட்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டா அம்மா. 'உங்க கணக்குல நாங்க இருந்தாத்தான் எங்களுக்கும் பென்சன் கேக்க வழி பொறக்கும் சார்'னு அழுதா. நான் என்ன செய்ய? எண்ணச் சொன்னவங்களைத்தானே எண்ண முடியும்? கணக்குல தப்பில்லையே?"

மதியச் சாப்பாடு முடியும் நேரம். கடைசிப் பந்தி எழுந்ததும் ஒருவர் வாசலுக்குப் போய், "பசிச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று குரல் கொடுப்பது அந்த மடத்து வழக்கம். அதன் பிறகுதான் அடுப்பை அணைப்பார்கள். குரல் கொடுக்கத் தணிகாசலம் எழுந்தார்.

"வேண்டாம். கதவைச் சாத்துங்க" என்றார் அம்மாள்.

சாத்தினார். மனசு கேட்கவில்லை.

"வெளியே ஆள் நிக்குதே அம்மா."

"உள்ளே யாராச்சும் சாப்பிடாம இருக்காங்களா?"

"இல்லை."

"அப்போ எல்லாரும் சாப்பிட்டாச்சு. அடுப்பை அணைக்கச் சொல்லுங்க."

தணிகாசலத்துக்கு ரத்தம் கொதித்தது. குருவின் முன்னால் ஒருநாளும் குரல் உயர்த்தாதவர் கத்தியேவிட்டார்.

"இது என்ன அநியாயம்! கதவைச் சாத்திட்டு எல்லாரும் சாப்பிட்டாச்சுன்னு சொல்ல எப்படி வாய் வருது உங்களுக்கு? கைக்குழந்தையோட ஒருத்தி வெயில்ல நிக்கிறா!"

"அவங்க நம்ம பந்தி ஆளுங்க இல்லையே."

தணிகாசலம் விடுவிடுவென்று போய்த் தாழ்ப்பாளைத் திறந்தார்.

வந்தவர்களுக்கு அம்மாளே இலை போட்டார். கடைசி ஆள் கை கழுவும்வரை பரிமாறினார். பிறகு அவரிடம் வந்தார்.

"இன்னிக்குச் சோத்துக்கு இவ்வளவு கோபம் வந்துச்சே ஐயா. கை ஓய்ஞ்ச பிறகு பவுனம்மா திங்கவேண்டிய சோறு மட்டும் சோறு இல்லையா?"