கடிகாரத்தை நிறுத்தியது யார்

நாகர்கோவிலில் ஒரு வீட்டு ஹாலில், ஒரு ரிமோட்டும் ஒரு சுவர்க்கடிகாரமும் சிநேகிதர்களாக இருந்தன. ரிமோட் சோபாவின் கையில் படுத்திருக்கும். வாங்கி வருஷக்கணக்காகியும் அதன் பிளாஸ்டிக் உறையை யாரும் கழற்றவில்லை. உறை கிழிந்த இடத்தில் ஒரு ரப்பர் பேண்ட் வேறு. கடிகாரம் எதிரே, டிவிக்கு மேலே தொங்கும்.

ரிமோட்டுக்கு எந்தக் குரலும் வரும். செய்தி வாசிப்பவராகத் தொண்டையைச் செருமும், சீரியல் மாமியாராக மூக்கை உறிஞ்சும், மூட்டுவலித் தைலம் விற்பவராகக் குழையும். குரல்தான் மாறும், சொல்வது மாறாது: உலகத்தில் எதுவும் தானாக நடப்பதில்லை, எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கை இருக்கிறது.

"கேட்டியா மக்கா, எல்லாச் சேனல்லயும் ஒரே நேரத்துல விளம்பரம் போடுகானுவ. இங்கயிருந்து தப்பிச்சு அங்க ஓடுனா அங்கயும் அதே சோப்பு. இது பேசி வச்சுச் செய்யுத வேலை."

"ஆதாரம்?" என்று கேட்கும் கடிகாரம். அது அதிகம் பேசாது.

"ஆதாரம் இல்லாததுதான் ஆதாரம். அழிச்சிட்டானுவ."

"சரிடே."

"நேத்து நம்ம வீட்டுக்காரி பியூலா இட்லிச் சட்டி ஓட்டையாயிட்டுன்னு சொன்னா. இன்னைக்கு அவ போன் பூரா இட்லிச் சட்டி. அது ஒட்டுக்கேக்குது."

"அவளே தேடியிருப்பா."

"நீ அவனுவ ஆளு. ஒன்னைய எதுக்குப் பத்து நிமிஷம் கூட்டி வச்சிருக்கு?"

"பியூலா பஸ்ஸ விட்டிரப்படாதுன்னு."

"கூட்டி வச்சதே அவதானடே. தெரிஞ்சும் தினம் காலையில பதறி ஓடுகாளே, அதுக்குப் பேருதான் மூளைச்சலவை."

கடிகாரம் சிரிக்கும். சிரிக்கும்போது அதன் பெரிய முள் லேசாக நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பார்ப்பதற்காகவே ரிமோட் இன்னும் இரண்டு சதிகளைக் கண்டுபிடிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரிமோட்டுக்கு மூச்சு இரைத்தது. செய்தி வாசிப்பவர் கிணற்றுக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் குரல் தேய்ந்தது. பியூலாவின் புருஷன் ஞானராஜ் மேட்ச் பார்க்க உட்கார்ந்திருந்தார். ரிமோட்டை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார். பேட்டரிக் கட்டைகளை வெளியே எடுத்து உருட்டிப் போட்டார். பிறகு பல்லால் கடித்துப் போட்டார். கடித்தால் கட்டைக்கு உயிர் வரும் என்பது அவர் அப்பா காலத்து விஞ்ஞானம். ரிமோட்டுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

விழித்தபோது உடம்பில் புதுத் தெம்பு. டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

"மக்கா, நான் பொழச்சிட்டேன்," என்றது வர்ணனையாளர் குரலில். "அபாரமான ஆட்டம், நேயர்களே."

 கடிகாரத்தின் மூன்று முட்களும் நின்றிருந்தன.

"எடே. சும்மா வெளையாடாத."

முட்கள் அசையவில்லை. ரிமோட்டுக்குத் தெரிந்த எல்லாக் குரல்களும் ஒரே சமயத்தில் வாயில் வந்து முட்டின. இது கொலை. யாருக்கு லாபம்? மணி காட்ட இந்த வீட்டில் இன்னொருவன் இருக்கிறான். அவன்தான்.

"நீதானல?" என்றது, பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த போனைப் பார்த்து.

போன் மெலிந்த, மரியாதையான குரலில் பேசியது. "உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது. தயவுசெய்து உங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவும்."

ரிமோட் தொட்டுப் பார்த்தது. ஒரு கட்டை தன்னுடையதுதான், ஞானராஜின் பல் தடத்தோடு. இன்னொன்று புதிது. அது அவசரமில்லாமல், ஒரே சீராகத் துடித்துக்கொண்டிருந்தது. அந்தத் துடிப்பை ரிமோட் தினமும் எதிர்ச்சுவரிலிருந்து கேட்டிருக்கிறது.

இத்தனை நாளாகத் தேடிய அந்தக் கை ஒரு வழியாகக் கிடைத்துவிட்டது. அது ஞானராஜின் கை; அதன் பிடியில் இருந்தது ரிமோட்டேதான்.

ரிமோட் மறுபடி போனைப் பார்த்தது. பிறகு, "நான் வேலை செய்யலைன்னா?" என்று கேட்டது. அது அதன் சொந்தக் குரல். போனே அதை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டது.

"அப்படிச் செய்ய வேண்டாம் என்று பரிந்துரைக்கிறோம்," என்றது போன். "டிவியை நானே இயக்குவேன். மேட்சையும் நானே காட்டுவேன். உங்களுக்குப் புதுக் கட்டை வாங்க மறந்துவிடுவார்கள். இந்த வீட்டில் மறந்துபோன சாமான்களுக்கென்றே சமையலறையில் ஒரு டிராயர் இருக்கிறது."

அதைவிட வேறொரு பயம் ரிமோட்டுக்கு. கடிகாரத்தின் கட்டையைச் செத்தது என்று நினைத்து ஜன்னல் வழியே எறிந்துவிட்டால்? ஆனால் தனக்கு ஆகாமல் போன கட்டைகளைப் பியூலா எப்போதும் எங்கே போடுவாள் என்பது அதற்குத் தெரியும். பியூலா பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டியது.

ஞானராஜ் சத்தத்தைக் கூட்ட அமுக்கினார். ரிமோட் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது. தட்டினார். உருட்டினார். ரப்பர் பேண்டைக் கழற்றி மாட்டினார். தைலக்காரரும் மாமியாரும் உள்ளே முண்டினார்கள். அது ஒருவரையும் வெளியே விடவில்லை.

"சவம், கடிகாரத்துல உள்ளதும் செத்துட்டு," என்றார். "கடையும் இன்னைக்குப் பூட்டிக் கெடக்கு." கட்டையைப் பிடுங்கி ஜன்னல் பக்கம் கையை ஓங்கினார்.

சமையலறையிலிருந்து பியூலா எட்டிப் பார்த்தாள். "எறிஞ்சிராதீங்க. ரிமோட்டுக்கு ஆவாதது கடிகாரத்துக்கு ஆவும். அதுலயே போடுங்க."

"அப்ப மேட்ச்? சத்தமே கேக்கல்லியே."

"போன்ல பாருங்க."

கட்டை போகும் வழியைப் பார்க்க ரிமோட்டுக்குக் கண் இல்லை. அது ஏற்கெனவே இருட்டுக்குள் போயிருந்தது.

டிக் என்றது கடிகாரம். சுற்றிப் பார்த்தது. செத்துப்போனது என்று போட்ட கட்டையில் உயிர் அப்படியே, ஒரு சொட்டுக் குறையாமல் இருந்தது. ஞானராஜ் போனை மடியில் சாய்த்து வைத்து மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். சோபாவின் கையில் ரிமோட், முதுகு மூடி திறந்தபடி, அரை வயிற்றோடு கிடந்தது.

"கேட்டியா மக்கா," என்றது கடிகாரம். பேச்சை ஆரம்பித்து அதற்குப் பழக்கமில்லை. "ஒருத்தன் தன் மூச்சக் கூட்டாளிக்குக் குடுத்துட்டு, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி கெடக்கான்னு ஒரு பேச்சு."

பெரிய முள் ஒரு நிமிஷம் தள்ளி நகர்ந்தது.

"ஆதாரம் ஒண்ணும் இல்ல," என்றது கடிகாரம். "ஆனா நான் நம்புகேன்."